அடையாறில் ஓர் அடைபட்ட கடல்!

மத்திய கைலாஷ் சிக்னலில் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும்போது யாருக்கும் கடல் ஞாபகம் வராது. ஹாரன் சத்தமும் புகையும் வீட்டுக்குப் போகும் அவசரமும்தான் மனதில் நிற்கும். ஆனால், அங்கிருந்து சர்தார் பட்டேல் சாலையில் கொஞ்ச தூரம் போனால், ஒரு வளாகத்துக்குள் அலை அடித்துக்கொண்டிருக்கும். காற்றும் கிடையாது, உப்பும் கிடையாது, சுண்டலும் கிடையாது. அலை மட்டும் உண்டு!

சென்னை ஐ.ஐ.டி.யின் பெருங்கடல் பொறியியல் துறை ஆய்வகத்தைத்தான் சொல்கிறேன். ஆலமரமும் புள்ளிமானும் வெளிமானும் நிறைந்த அந்த வளாகத்துக்குள், நீளமான கொட்டகைகளுக்குக் கீழே, இன்ஜினீயர்கள் கடலைக் கொண்டுவந்து தொட்டியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். எதற்காக? நிஜக் கடல் வந்து நம் சுவரை உடைப்பதற்கு முன்பே, தொட்டிக்கடலை விட்டுச் சின்னச் சுவர் ஒன்றை உடைத்துப் பார்ப்பதற்காக.

எலியட்ஸ் பீச்சுக்கு நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்தக் குட்டிக் கடலின் கதை, நம் கரையின் கதையும்கூட.

நகரமே ஒரு பரிசோதனைச் சாலை

கடலோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று சாலையிலிருந்து தண்ணீரைத் தொடுவதற்குள் கால் வலித்துவிடுகிறது. அவ்வளவு மணல். 150 ஆண்டுகளுக்கு முன் இந்த மணல் இப்படி இல்லை. அலை, சாலைக்கு மிகப் பக்கத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது.

மணல் எங்கிருந்து வந்தது? 1870-களில் வெள்ளைக்காரர்கள் இங்கே துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். கடலுக்குள் இரண்டு கைகள் நீட்டியதுபோல அலைத்தடுப்புச் சுவர்கள் போட்டார்கள். நம் கிழக்குக் கரையில் அலைகள் நேராக வந்து மோதுவதில்லை, சற்றே சாய்ந்து வருகின்றன. வருடத்தின் பெரும்பகுதி அவை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். கரையோரமாக ஓடும் மணல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகச் சுவர் அந்த ஆற்றுக்கு அணையானது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது, அதுதான் மெரினா. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுசாலை அமைத்து, அந்தப் பெயரையும் வைத்தார்.

சுவருக்கு வடக்கே? மணல் வரத்து நின்றது. ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. மயிலாப்பூர்க்காரருக்குக் கிடைத்த மணல், ராயபுரத்துக்காரர் இழந்த மணல். தெருக்களும் வீடுகளும் போயின. கல் கொட்டினார்கள், கடல் அதையும் விழுங்கியது.

துறைமுகமும் நிம்மதியாக இல்லை. 1881-ல் வந்த புயல், கட்டிக்கொண்டிருந்த சுவர்களைச் சிதைத்தது. கிழக்கு நோக்கி வைத்த வாசலில் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்ற பிறகுதான், அந்த வாசலை மூடி வடகிழக்கில் புதிய வாசல் திறந்தார்கள். கட்டி, இடிந்து, மறுபடி கட்டி, தப்பைக் கண்டுபிடித்து, வாசலையே மாற்றி என்று எல்லாப் பரீட்சையும் நிஜக் கடலிலேயே நடந்தது. செலவும் சேதமும் நிஜம்.

இதையே ஒரு தொட்டியில் முன்கூட்டியே செய்து பார்த்திருந்தால்? அலை ஆய்வகம் என்ற ஒன்று ஏன் வேண்டும் என்பதற்கு இதுதான் பதில்.

மான்களுக்கு நடுவே ஒரு கடல்

1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது சென்னை ஐ.ஐ.டி. கடலைத் தனிப் பாடமாக எடுக்க அதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆனது. தூண்டியது எண்ணெய்தான். 1974-ல் மும்பைக்கு அப்பால் கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. 'பாம்பே ஹை' என்று அப்போது பத்திரிகைகள் கொண்டாடின. எண்ணெய் எடுக்கக் கடலுக்கு நடுவே இரும்பு மேடைகள் வேண்டும். மழைக்கால அலைகள் மாதக்கணக்கில் அடித்தாலும் அவை அசையக் கூடாது. அதை வடிவமைக்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு.

இன்னொரு நினைவும் அப்போது ஆறாமல் இருந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயலலை விழுங்கியது. பாம்பன் ரயில் பயணிகளோடு போனது. கடலின் பலத்தைக் கணக்கில் எடுக்காமல் கரையில் எதையும் கட்ட முடியாது என்பதைத் தமிழ்நாடு உயிர் கொடுத்துக் கற்றிருந்தது.

இந்தச் சூழலில்தான் 1970-களின் பிற்பகுதியில் ஐ.ஐ.டி.யில் பெருங்கடல் பொறியியல் மையம் உருவானது. பின்னர் அது தனித்துறையாக வளர்ந்தது. அதன் தொடக்க ஆண்டுகளில் வழிநடத்தியவர்களில் ஒருவர் பேராசிரியர் வி.எஸ்.ராஜு, பிற்பாடு டெல்லி ஐ.ஐ.டி.யின் இயக்குநரானவர்.

கடலைப் படிக்க வந்தவர்களுக்கு முதலில் கடல் வேண்டுமே! தொட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று 72.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் ஆழம். இன்னொன்று 90 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். இவற்றை 'வேவ் ஃப்ளூம்' என்பார்கள். நாம் அலைத் தொட்டி என்று சொல்லிக்கொள்வோம். இவை தவிர 30 மீட்டருக்கு 30 மீட்டர் சதுரமாக ஒரு குளமும் உண்டு.

72.5 மீட்டர் தொட்டியில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் 1,45,000 லிட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் லாரி பன்னிரண்டு!

அலை செய்வது எப்படி?

வாளித் தண்ணீரில் கையை முன்னும் பின்னும் அசைத்தால் அலை வரும் இல்லையா? அதேதான். தொட்டியின் ஒரு முனையில் பெரிய தகடு ஒன்று நிற்கும். மோட்டார் அல்லது ஹைட்ராலிக் விசையால் அது முன்னும் பின்னும் நகரும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதைக் கணினி சொல்லும். மறு முனையில் சரிவான கரை. வந்த அலை மோதித் திரும்பி வந்து சோதனையைக் கெடுக்காமல், அங்கேயே உடைந்து அடங்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நடுவில் தண்ணீரில் தொங்கும் மெல்லிய கம்பிகள், நீர்மட்டம் ஏறி இறங்குவதை ஒவ்வொரு நொடியும் பலமுறை அளக்கும்.

சதுரக் குளத்தில் ஒரே தகடு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் பல தகடுகள். ஹார்மோனியக் கட்டைகளை வரிசையாக அமுக்குவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக அசைத்தால் அலை சாய்வாகக் கிளம்பும். நம் கரைக்கு வரும் அலையைப்போல!

சரி, தொட்டியில் வரும் சாண் அலையை வைத்துக் கடலின் பனைமர அலையை எப்படிக் கணக்கிடுவது? அதற்கு ஒரு விதி இருக்கிறது. 25-ல் ஒரு பங்காக மாதிரி செய்தால், 5 மீட்டர் அலை 20 சென்டிமீட்டர் ஆகும். நேரம் 25-ல் ஒரு பங்கு ஆகாது. 25-ன் வர்க்கமூலம் 5 என்பதால், 10 விநாடிக்கு ஒருமுறை வரும் அலை 2 விநாடிக்கு ஒருமுறை வர வேண்டும். ஆறு மணி நேரப் புயலை 72 நிமிடத்தில் பார்த்துவிடலாம். எடையோ 25 × 25 × 25, அதாவது 15,625-ல் ஒரு பங்கு. கரையில் போடும் 10 டன் பாறை, தொட்டியில் 640 கிராம் கல். முக்கால் கிலோ தக்காளியைவிட இலேசு! அந்தக் கல்லை 20 சென்டிமீட்டர் அலை உருட்டிவிட்டால், நிஜக் கரையில் 10 டன் பாறையும் உருளும். கோடிக்கணக்கில் செலவு செய்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் இப்படிச் சுருக்க முடியாது என்பதும் உண்மை. மணலை 25-ல் ஒரு பங்காகப் பொடித்தால் அது மணலாக இருக்காது. களிமண்ணைப் போலக் கலங்கி நிற்கும். அதனால்தான் தொட்டியில் கிடைத்த விடையை அப்படியே கரைக்குக் கொண்டுபோகாமல், கணினிக் கணக்கோடும் நேரடி அளவீட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இந்தத் தொட்டிகளில் பிறந்த வேலைகள் பல. கேரளாவின் விழிஞ்ஞத்தில் 1991-ல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் நிலையம் அமைந்தது. அதன் பின்னால் இருந்தது ஐ.ஐ.டி.யின் அலை ஆற்றல் குழு. அந்தக் குழுவைச் சேர்ந்த எம்.ரவீந்திரன்தான் 1993-ல் தொடங்கப்பட்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் இயக்குநர். பள்ளிக்கரணை வழியாகப் போகிறவர்கள் அந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. மார்கழி மாதம், பௌர்ணமி. மயிலாப்பூரில் கோலங்களும் கச்சேரிகளுமாக விடிந்த நாள். மெரினாவில் காலை நடைக்கு வந்தவர்களும் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும் வழக்கம்போல இருந்தார்கள். குப்பங்களில் வலை உலர்ந்துகொண்டிருந்தது.

காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலுக்கடியில் பூமி விலகியது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 9.1. சென்னையிலும் பலர் கட்டில் ஆடியதை உணர்ந்தார்கள். பேசிவிட்டு, காபி போடப் போய்விட்டார்கள்.

சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து, 9 மணியை ஒட்டி, கடல் உள்ளே வந்தது. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், மெரினாவில், அடையாறு முகத்துவாரத்தில். சென்னையில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட உயிர்கள். தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 8,000 பேர். அதில் 6,000-க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸில் கடல்நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

'சுனாமி' என்ற சொல்லையே நம்மில் பெரும்பாலானோர் அன்றுதான் கேட்டோம். கடல்கோள் என்ற பழைய சொல் தமிழில் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. ஆனால், அது இலக்கியமாக இருந்ததே தவிர, எச்சரிக்கையாக இல்லை. இத்தனைக்கும் 1881 டிசம்பர் 31-ல் நிக்கோபார் பக்கம் வந்த நிலநடுக்கத்தின் சுனாமியும், 1883-ல் கிராகடோவா எரிமலை கிளப்பிய அலையும் சென்னையின் அலைமட்டக் கருவியில் பதிவாகியிருந்தன. சிறிய அலைகள் என்பதால் ஊர் மறந்துவிட்டது.

அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. மயிலாப்பூரிலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்துவிடும் நேரம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரே ஒரு ஊருக்கு ஆள் இருந்தார். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமம். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். டி.வி.யில் செய்தி பார்த்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில், தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்த தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அதில் அறிவித்தார்கள். ஊர் ஓடியது. படகும் வீடும் போயின, மக்கள் பிழைத்தார்கள். ஒரு போன், ஒரு ஸ்பீக்கர்!

தொட்டிக்குள் சுனாமி

அதன்பிறகு அடையாறு ஆய்வகத்தின் வேலை மாறியது. அதுவரை காற்றால் வரும் அலைகளே முக்கியப் பாடம். அவை ஐந்து, பத்து விநாடிக்கு ஒன்று வரும். சுனாமியோ வேறு ஜாதி. ஒரு அலை வந்து அடுத்தது வரப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகலாம். 4,000 மீட்டர் ஆழக்கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். விமானத்தோடு போட்டி போடும் வேகம். அங்கே அதன் உயரம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால் மேலே போகும் கப்பலுக்குத் தெரியவே தெரியாது. கரையை நெருங்கி ஆழம் 10 மீட்டராகும்போது வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டராகக் குறையும். முன்னால் போகும் தண்ணீர் தயங்க, பின்னால் வருவது முட்ட, உயரம் ஏறும். சிக்னலில் வண்டிகள் நெருங்குவதுபோல.

இதைத் தொட்டியில் எப்படிச் செய்வது? இங்கே ஒரு குதிரைக் கதை சொல்ல வேண்டும். 1834-ல் ஸ்காட்லாந்தில், ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற இன்ஜினீயர், கால்வாயில் குதிரைகள் இழுத்துப் போன படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு சட்டென்று நின்றது. ஆனால், அதன் முன்னால் திரண்ட தண்ணீர் நிற்கவில்லை. ஒற்றை மேடாக, வடிவம் குலையாமல், உருண்டு ஓடியது. ரஸ்ஸல் குதிரையில் ஏறி ஒரு மைலுக்கு மேல் அதைத் துரத்தினார். விடவில்லை அவர், வீட்டின் பின்னால் தொட்டி கட்டி, அதே அலையை மறுபடி மறுபடி உருவாக்கிப் பார்த்தார். தனி அலை என்று அதற்குப் பெயர். இன்று உலகின் பல ஆய்வகங்கள் சுனாமிக்கு முதல் மாதிரியாக எடுத்துக்கொள்வது அந்த அலையைத்தான். தகட்டை ஒரே தள்ளாகத் தள்ளினால் அது கிளம்பும். ஒரு மீட்டர் ஆழமுள்ள 72.5 மீட்டர் தொட்டியை அது 23 விநாடிகளில் கடந்துவிடும்.

தள்ளுவதற்குப் பதிலாகத் தகட்டை முதலில் பின்னால் இழுத்தால்? முதலில் பள்ளம் வரும், பிறகு மேடு. இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. 2004-ல் தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது, பிறகு அலை வந்தது. நம் கிழக்குக் கரைக்கும் இலங்கைக்கும் முதலில் வந்ததே மேடுதான்; உள்வாங்கியது அதற்குப் பிறகு. 'கடல் உள்வாங்கினால் ஓடிவிடலாம்' என்று காத்திருந்தால், நம் கரையில் அந்த அறிகுறி வராமலேயே அலை வந்துவிடலாம். உள்வாங்கிய கடலில் சிப்பி பொறுக்கப் போனாலோ, அடுத்த அலை பிடித்துக்கொள்ளும்.

பேராசிரியர்கள் வி.சுந்தர், கே.முரளி போன்றோர் இங்கே எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று, கரையோர மரங்களும் செடிகளும் அலையை எவ்வளவு தடுக்கும் என்பது. தொட்டியின் சரிவில் செடிகளுக்குப் பதிலாக வளையும் குச்சிகளை வரிசையாக நட்டு, அலையை விட்டு, தண்ணீர் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று அளந்தார்கள். அடர்த்தி, வளையும் தன்மை, வரிசைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் கணக்கை மாற்றியது. சவுக்குத் தோப்பும் அலையாத்திக் காடும் கேடயம்தான். ஆனால், நடுவே பாதைக்காக விடும் நேர் இடைவெளியில் தண்ணீர் வேகமெடுத்துப் பாயும் என்பதையும் உலகெங்கும் நடந்த இத்தகைய சோதனைகள் காட்டின. மரம் நட்டால் மட்டும் போதாது. எப்படி நடுகிறோம் என்பதும் முக்கியம்.

ராயபுரம் கதைக்கும் இங்கே ஒரு தொடர்ச்சி உண்டு. அந்தக் கரையில் வரிசையாகத் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டபோது, வடிவமைப்பில் இந்தத் துறை பங்கெடுத்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைகள் மணலைப் பிடித்து வைக்கும். அதேசமயம், பிடித்த மணல் அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல் என்ற பழைய சிக்கலும் கூடவே வரும். ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு கேட்டுப் போராட்டம் நடந்தால், வடக்கே இருக்கும் குப்பம் கவலையோடு பார்ப்பது இதனால்தான்.

உலகின் பெரிய தொட்டிகள்

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹின்ஸ்டேல் ஆய்வகத்தில் 104 மீட்டர் நீளத் தொட்டியும், சுனாமி ஆய்வுக்கான பெரிய குளமும் இருக்கின்றன. ஜப்பானில் 184 மீட்டர் நீளமும் 12 மீட்டர் ஆழமும் கொண்ட தொட்டி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 300 மீட்டர் நீளம். அங்கே ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான அலையைக் கிளப்ப முடியும். நிஜ அளவிலேயே கரையைக் கட்டி உடைத்துப் பார்க்கலாம்.

இத்தனை இருந்தும் கடல் பாடம் எடுக்காமல் விடுவதில்லை. ஜப்பானின் கமைஷி துறைமுகத்தில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்புச் சுவர் 2009-ல் முடிந்தது. உலகிலேயே ஆழமானது என்று கின்னஸில் இடம்பெற்றது. இரண்டே ஆண்டில், 2011 மார்ச் 11 சுனாமி அதைச் சாய்த்தது. சுவருக்கு முன்னும் பின்னும் நீர்மட்ட வித்தியாசம் அதிகமாகி, மேலே வழிந்த நீர் பின்பக்க அடித்தளத்தை அரித்தது. ஆனாலும், அது அலையைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தியது. சுவர் என்பது கடலை நிறுத்துவதற்கல்ல, ஓடுவதற்கு நேரம் வாங்கித் தருவதற்கு என்று ஆய்வாளர்கள் புரிந்துகொண்டார்கள். உடைந்தாலும் சட்டென்று சாயாத சுவரை எப்படிக் கட்டுவது என்று தொட்டிகளில் சோதனைகள் நடந்தன.

நம் ஊரிலும் தொட்டி பெரிதாகியிருக்கிறது. கேளம்பாக்கத்தைத் தாண்டித் தையூரில் இருக்கும் ஐ.ஐ.டி.யின் 'டிஸ்கவரி' வளாகத்தில், ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்படும் ஆழம் குறைந்த அலைக் குளம் அமைந்துள்ளது. துறைமுகம், நீர்வழி, கடற்கரைக்கான தேசிய தொழில்நுட்ப மையம் அங்கே இயங்குகிறது. ஒரு துறைமுகம் முழுவதையும், அதைச் சுற்றிய கரையோடு சேர்த்து மாதிரியாகக் கட்டிப் பார்க்க அதில் இடம் உண்டு. 1870-களில் நம் துறைமுகத்துக்குக் கிடைக்காத வாய்ப்பு!

அலை மின்சாரக் கனவும் விடவில்லை. 2022 நவம்பரில் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தூத்துக்குடிக்கு அப்பால் 6 கிலோமீட்டர் தூரக் கடலில் 'சிந்துஜா-1' என்ற கருவியை மிதக்கவிட்டுச் சோதித்தார்கள்.

தொட்டியிலிருந்து உங்கள் போன் வரை

'சரி, இதனால் எனக்கு என்ன?' என்று கேட்கலாம்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கடலுக்கடியில் நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில், எந்தக் கரைக்கு எப்போது, எவ்வளவு உயர அலை வரலாம் என்று அது சொல்லியாக வேண்டும். அத்தனை சீக்கிரம் கணக்குப் போட முடியாது என்பதால், நடக்கக்கூடிய பல நிலநடுக்கங்களுக்கான விடைகளைக் கணினியில் முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். அலை எப்படி ஓடும், எப்படி உயரும், எப்படி உடையும் என்று கணினி சொல்வது சரிதானா என்பதை எங்கே சோதிப்பது? நிஜச் சுனாமிக்காகக் காத்திருக்க முடியாதே. இத்தகைய கணக்குமுறைகளை உரசிப் பார்க்கும் உரைகல்தான் உலகெங்கும் உள்ள அலைத் தொட்டிகள்.

2012 ஏப்ரல் 11 மதியம் ஞாபகம் இருக்கிறதா? சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். தி.நகர் கடைகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். எச்சரிக்கை வந்தது, கடற்கரைகளிலிருந்து கூட்டம் அப்புறப்படுத்தப்பட்டது. பூமி செங்குத்தாக எழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை. ஆனால் 2004-ல் இல்லாத ஒன்று அன்று இருந்தது. சொல்வதற்கு ஆள் இருந்தார்.

கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் எந்தத் தொட்டியாலும் எந்தக் கணினியாலும் முடியாது. அது நம் கால்களின் வேலை. 2004-ல் தாய்லாந்தின் ஃபூகெட் கடற்கரையில், பத்து வயது டில்லி ஸ்மித் என்ற ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு வகுப்பில் படித்ததை நினைவில் வைத்து, கடல் நுரைப்பதைப் பார்த்ததும் அம்மாவிடம் அடம்பிடித்தாள். அந்தக் கடற்கரையே காலியாகி, அங்கிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒடிசாவில் நோலியாசாஹி, வெங்கட்ராய்பூர் என்ற இரண்டு கிராமங்கள் பயிற்சியெடுத்து, 2020-ல் யுனெஸ்கோவிடம் 'சுனாமிக்குத் தயார்' என்ற அங்கீகாரம் வாங்கின.

நாமும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு:

* கடற்கரையில் இருக்கும்போது நிலநடுக்கத்தை உணர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் உள்ளே நடங்கள். கடல் உள்வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி.
* ஆற்று முகத்துவாரத்தைவிட்டு விலகுங்கள். சுனாமிக்கு அடையாறும் கூவமும் ஊருக்குள் நுழையும் வாசல்கள்.
* தூரம் போக நேரமில்லையா? உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுங்கள்.
* முதல் அலை போனதும் திரும்பாதீர்கள். அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அதிகாரிகள் சொல்லும் வரை பல மணி நேரம் பொறுங்கள்.

எலியட்ஸ் பீச்சில் ஷ்மிட் நினைவு மண்டபம் இருக்கிறது. 1930-ல், கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டேனிஷ் மாலுமியின் நினைவாக எழுப்பியது. அடுத்தமுறை பிள்ளைகளோடு போகும்போது அதன் நிழலில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மக்காச்சோளம் தின்றுகொண்டே, 'அலை வந்தா நாம எந்தப் பக்கம் ஓடணும்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் எழுந்து, அந்த வழியில் ஒருமுறை சேர்ந்து நடந்துவிட்டு வாருங்கள்.

நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, மான்கள் மேயும் வளாகத்தில், தகடு ஒன்று அப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அவர்கள் தொட்டியில் ஒத்திகை பார்க்கிறார்கள். நம் பங்கு ஒத்திகையை மணலில் நாம் பார்த்து வைப்போம்.